டால்ட்டன் சாலையில் கரிபூ வேட்டை

அலாஸ்கா மாநிலத்துக்கு வெளியே குடியிருக்கும் ஓர் அமெரிக்கர், காசு கொடுத்து வழிகாட்டியை அமர்த்தாமல், தன் செலவிலும் தன் பொறுப்பிலும் அங்கே பெருவிலங்கு வேட்டைக்குப் போகலாம். ஆனால் எல்லா விலங்குக்கும் அப்படிப் போக முடியாது. பழுப்புக் கரடி, டால் செம்மறி, மலையாடு ஆகிய மூன்றுக்கும் உரிமம் பெற்ற வழிகாட்டி கூடவே வரவேண்டும் என்பது மாநிலச் சட்டம். அலாஸ்காவில் குடியிருக்கும், 19 வயது நிரம்பிய நெருங்கிய உறவினர் உடன் வந்தால் மட்டும் விலக்கு உண்டு. மூஸ் என்னும் பெரிய மான், கரிபூ, கருங்கரடி போன்றவற்றுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவருக்கோ எந்தப் பெருவிலங்கானாலும் வழிகாட்டி இல்லாமல் அனுமதி கிடையாது.

இந்த விதிக்குச் சொல்லப்படும் காரணம் உயிர்ப் பாதுகாப்பு. கரடி திருப்பித் தாக்கும். செம்மறியும் மலையாடும் செங்குத்துப் பாறைகளில் வாழ்பவை. வழிகாட்டிகளின் பிழைப்பையும் இதே விதி காக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் வயோமிங் மாநிலத்தோடு ஒப்பிட்டால் அலாஸ்காவின் ஏற்பாடு நியாயமானது என்றே தோன்றும். வயோமிங்கில் விலங்கைப் பார்த்து விதி செய்யவில்லை, இடத்தைப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். மத்திய அரசு காட்டுக்காப்பு நிலம் என்று அறிவித்த பகுதிக்குள் வெளிமாநிலத்தவர் பெருவிலங்கு வேட்டையாட வழிகாட்டியோ அந்த மாநிலவாசியோ கூட வரவேண்டும். அதே ஆள் அதே காட்டில் தனியாக மலையேறலாம், மீன் பிடிக்கலாம், கூடாரம் போட்டு நாள்கணக்கில் தங்கலாம். வேட்டைக்காரருக்கு மட்டும் அங்கே துணை வேண்டும் என்பதற்குப் பாதுகாப்பைக் காரணமாகச் சொன்னால் நம்புவது கடினம்.

வழிகாட்டி இல்லாமல் வருபவர்களில் பலர் முதலில் தேர்ந்தெடுக்கும் விலங்கு கரிபூ. ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் கலைமானும் இதுவும் ஒரே இனம். வடஅலாஸ்காவில் கரிபூக்கள் ஆயிரக்கணக்கில் கூட்டமாக இடம்பெயர்பவை. ஆனால் அவை இருக்கும் இடங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சாலையே கிடையாது. சிறு விமானத்தில்தான் போகவேண்டும். அப்படிக் கொண்டுபோய் இறக்கிவிடும் தொழிலுக்குத் தனி உரிமம் உண்டு. அந்த உரிமக்காரர் ஆளையும் மூட்டையையும் கறியையும் ஏற்றி இறக்கலாம். விலங்கு எங்கே நிற்கிறது என்று தேடிக் காட்டுவது, கூட வந்து உரிப்பது, சுமப்பது எல்லாம் வழிகாட்டியின் வேலை. அதில் அவர் கைவைக்கக்கூடாது. வாடகைச் சிறுவிமானத்தில் பறந்து இறங்கியவர் அன்றே வேட்டையாடவும் கூடாது; மறுநாள் அதிகாலை 3 மணி வரை பொறுத்திருக்க வேண்டும். மேலிருந்து மந்தையைப் பார்த்துவிட்டு நேரே பக்கத்தில் இறங்கிச் சுடுவதைத் தடுக்க இப்படி ஒரு விதி.

விமானச் செலவு தாங்காதவருக்கு, அல்லது வேண்டாதவருக்கு இருப்பது டால்ட்டன் நெடுஞ்சாலை. ஃபேர்பேங்ஸ் நகரிலிருந்து வடக்கே 84 மைல் போனதும் இது தொடங்குகிறது. அங்கிருந்து ஆர்க்டிக் கடலோரம் உள்ள டெட்ஹார்ஸ் வரை 414 மைல், அதாவது 666 கிலோமீட்டர். புரூடோ வளைகுடாவின் எண்ணெயைத் தெற்கே கொண்டுவரும் 800 மைல் குழாய்க்காக 1974இல் போட்ட சாலை இது. முழு நீளத்தையும் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது 1994இல்தான். இன்றும் இது லாரிகளின் சாலை. பெரும்பகுதி சரளை மண். புழுதி அடங்கத் தெளிக்கும் கால்சியம் குளோரைடு மழையில் கரைந்து சேறாகி, வண்டியின் விளக்குகள் மீது அப்பிக் காய்ந்தால் சிமெண்டுப் பூச்சுபோல இறுகிவிடும். எதிரே கனரக லாரி வந்தால் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுவது மரியாதை மட்டுமல்ல, முன்கண்ணாடியைக் காப்பாற்றும் வழியும்கூட. வாடகைக் கார் நிறுவனங்கள் பல இந்தச் சாலையில் தங்கள் வண்டியை ஓட்டத் தடை போட்டிருப்பதால், அனுமதிக்கிற இடமாகப் பார்த்து எடுக்கவேண்டும். முழு அளவு மாற்றுச் சக்கரம் இரண்டு, கூடுதல் பெட்ரோல், லாரிக்காரர்கள் பேசுவதைக் கேட்க ஒரு சி.பி. ரேடியோ ஆகியவை இல்லாமல் கிளம்புவது அறிவீனம்.

56ஆம் மைலில் யூக்கான் ஆறு. சாய்வாக இறங்கும், பலகைத் தளம் போட்ட பாலத்தில் கடக்கிறார்கள். 115ஆம் மைலில் ஆர்க்டிக் வட்டம். 175ஆம் மைலில் கோல்ட்ஃபுட். இங்கே பெட்ரோல், சாப்பாடு, படுக்கை கிடைக்கும். அதன்பின் 240 மைலுக்கு எதுவும் கிடையாது, கைப்பேசிச் சமிக்ஞையும் சேர்த்து. ஸ்புரூஸ் மரங்கள் மெலிந்து, குட்டையாகி, புரூக்ஸ் மலைத்தொடருக்குள் ஏறும்போது ஒன்றுகூட இல்லாமல் நின்றுபோகின்றன. 244ஆம் மைலில் அட்டிகன் கணவாய், 4,739 அடி. கணவாய்க்குத் தெற்கே விழும் மழை யூக்கான் வழியாக பெரிங் கடலுக்குப் போகிறது; வடக்கே விழுவது ஆர்க்டிக் கடலுக்கு. ஆகஸ்டிலும் இங்கே பனி பெய்யும். கணவாயைத் தாண்டி இறங்கினால் மரமே இல்லாத, கண்ணுக்கு எட்டிய மட்டும் அலையலையாக விரியும் தூந்திரா. ஆகஸ்ட் கடைசியில் குட்டை பர்ச் புதர்கள் செம்மையாகவும் வில்லோ மஞ்சளாகவும் மாறியிருக்கும். சாலையை ஒட்டியே குழாய் ஓடுகிறது, பல இடங்களில் தூண்கள் மேல். சூடான எண்ணெய் நிலத்தடி உறைபனியை உருக்கிவிடாதிருக்கத்தான் அதைத் தூக்கிக் கட்டினார்கள். கரிபூக்கள் அதன் அடியில் நுழைந்து போகின்றன.

யூக்கான் ஆற்றிலிருந்து ஆர்க்டிக் கடல் வரை சாலையின் இருபுறமும் ஐந்தைந்து மைல் அகலத்துக்குத் தனி விதி உண்டு. அந்தப் பட்டைக்குள் துப்பாக்கியால் வேட்டையாடக் கூடாது. வில்லும் அம்பும் மட்டும்தான். அதற்கும் வில் வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். கரிபூவுக்கு வில்லின் இழுவிசை குறைந்தது 40 பவுண்டு இருக்கவேண்டும். காட்டுத்தரையில் ஓடும் நாலுசக்கர வண்டிகளைச் சாலையைவிட்டு உள்ளே ஓட்டவும் தடை. டெட்ஹார்ஸை ஒட்டிய எண்ணெய் வயல் பகுதியில் பெருவிலங்கு வேட்டையே கிடையாது. ஒரு சாலை திறந்துவிட்டால் அதன் இரு ஓரமும் துப்பாக்கிச் சூட்டில் காலியாகிவிடும் என்பதை முன்கூட்டியே உணர்ந்து போட்ட கட்டுப்பாடு இது, குழாய்க்கும் காவல். பட்டைக்கு வெளியே, லிவங்குட் என்ற ஊருக்குப் பக்கத்தில், 2001 அக்டோபரில் ஒருவர் சுட்ட ஒரே ரைஃபிள் குண்டு குழாயைத் துளைத்துச் சுமார் 2,85,000 காலன் எண்ணெயைக் காட்டில் கொட்டவைத்தது.

ஆகவே சாலை வழியே வருபவருக்கு இரண்டு வழிகள். வில்லை எடுத்துக்கொண்டு சாலைக்கு அருகிலேயே முயலலாம். அல்லது ரைஃபிளைச் சுமந்துகொண்டு ஐந்து மைல், எட்டு கிலோமீட்டர், நடந்து பட்டையைத் தாண்டலாம். வரைபடத்தில் எட்டு கிலோமீட்டர் சிறிய தூரம். தூந்திராவில் அப்படியல்ல. பருத்திப் புல் நூற்றாண்டுக் கணக்கில் ஒரே இடத்தில் வளர்ந்து மடிந்து, முழங்கால் உயரத்துக்கு உருண்டையான புல்முடிச்சுகளாக நிற்கிறது. முடிச்சின் தலைமேல் மிதித்தால் அது ஆடிச் சாய்ந்து கணுக்காலைத் திருகும். முடிச்சுகளுக்கு இடையே மிதித்தால் கால் சேற்றுநீரில் புதையும்; கீழே உறைபனி இருப்பதால் மழைநீருக்கு இறங்க வழியில்லை. பத்தடி நேராக நடக்க முடியாது. பாரமே இல்லாமல் மணிக்கு ஒரு மைல் நடந்தால் நல்ல நடை. ஆற்றோரச் சரளைத் திட்டுகளும் மேட்டு முகடுகளும் கிடைக்கும் இடங்களில் சுற்றிப்போனாலும் அதில் போவதே மேல். சாலையிலிருந்து எவ்வளவு தூரம் வந்தாயிற்று என்பதை ஜி.பி.எஸ். கருவியில் பார்த்து உறுதி செய்துகொள்ளவேண்டும். மதிப்பீடு சட்டத்தின்முன் செல்லாது.

வில்லோடு நிற்பவருக்கு நடை குறைவு, பொறுமை அதிகம். மறைவதற்கு ஒரு மரமில்லாத வெளியில் முப்பது நாற்பது மீட்டர் வரை நெருங்கவேண்டும். மந்தைக்குப் பின்னால் ஓடிப் பயனில்லை. சும்மா நடப்பதுபோல நடக்கும் கரிபூவை மனிதர் எட்டிப்பிடிக்கவே முடியாது. அது போகும் திசையைக் கணித்து, முன்னே சென்று, ஓடைப் பள்ளத்திலோ வில்லோ புதருக்குள்ளோ பதுங்கி, காற்று எதிர்முகமாக வீசுகிறதா என்று பார்த்துக்கொண்டு காத்திருப்பதே வழி. கரிபூவின் கண் அவ்வளவு கூர்மையில்லை, மூக்கு ஏமாறாது. மந்தை பக்கத்தில் வந்துவிட்டால் முதலில் காதில் விழுவது ஒரு சொடுக்கொலி. பாதத்துச் சிறு எலும்பின்மேல் தசைநாண் வழுக்கிச் செல்லும்போது ஒவ்வொரு அடிக்கும் எழுகிற ஒலி அது. நூறு விலங்குகள் கடந்துபோகும்போது நிலமே சொடுக்குவது போலிருக்கும்.

ஆணா பெண்ணா என்று பார்ப்பது இங்கே கவனம் வேண்டிய காரியம். மான் வகைகளில் கரிபூவில்தான் பெண்ணுக்கும் கொம்பு உண்டு. இளம் ஆணையும் முதிர்ந்த பெண்ணையும் கொம்பை மட்டும் வைத்துப் பிரித்தறிய முடியாது. பின்பக்கம் வாலின் கீழே பெண்ணுக்குக் கறுத்த அடையாளம் ஒன்று தெரியும். பெரிய ஆணுக்குச் செப்டம்பரில் கழுத்துமயிர் வெளுத்துத் தொங்கும். அக்டோபரில் இணைசேரும் பருவம் வந்ததும் ஆணின் கறி நாற்றமெடுத்துவிடும், சாப்பிட லாயக்கில்லை. அதற்குமுன் முடித்துக்கொள்வது நல்லது. மந்தையின் முன்னணியில் வருபவற்றை விட்டுவிடுவது வடஅலாஸ்கா இனுபியாட் மக்களின் பழைய வழக்கம். முன்னே போகிறவை அமைதியாகக் கடந்தால் பின்னே வருகிறவை அதே தடத்தில் வரும். தலைமந்தையை வெருட்டினால் அந்த வருடம் முழுமந்தையும் வேறு பள்ளத்தாக்கில் திரும்பிவிடக்கூடும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கட்டாயம் கற்றுக்கொள்ளவேண்டிய ஒழுக்கம் இது. தன் விடுமுறை வீணாகக்கூடாது என்ற அவசரத்தில் சுடுகிற ஒருவரால் ஓர் ஊரின் குளிர்காலச் சாப்பாடு கெடலாம்.

விலங்கு விழுந்ததும் முதல் வேலை காகிதம். வேட்டைச் சீட்டில் அந்த மாதத்தையும் தேதியையும் வெட்டியெடுக்க வேண்டும்; உலோகப் பூட்டு டேகை விலங்கில் மாட்டவேண்டும். இந்த டேகின் விலை 650 டாலர், மூஸுக்கு 800. 160 டாலர் ஆண்டு உரிமம் தனி. 2017இல் இரு மடங்குக்கு அருகில் உயர்த்திய கட்டணங்கள் இவை. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் மத்திய அரசு வசூலிக்கும் தீர்வையும் 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி இதோடு சேர்ந்து மாநில வனவிலங்குத் துறைக்குப் போகிறது. மந்தையை விமானத்தில் படமெடுத்து எண்ணுவது போன்ற வேலைகள் பெருமளவு இந்தப் பணத்தில்தான் நடக்கின்றன. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டை தடைசெய்யப்பட்ட இந்தியாவிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். வேட்டைக்காரரின் காசில் வனவிலங்குத் துறை நடப்பது அமெரிக்காவின் வழி.

அடுத்தது கத்தி வேலை. கறியை முதுகில் சுமந்து கொண்டுபோக வேண்டியவர்கள் பெரும்பாலும் வயிற்றைத் திறப்பதில்லை. விலங்கைப் பக்கவாட்டில் கிடத்தி, முதுகெலும்பை ஒட்டித் தோலைக் கீறி, கம்பளம் விரிப்பதுபோலத் தரையில் மயிர்ப்பக்கம் கீழே இருக்கும்படி உரித்து விரிக்கிறார்கள். மண்ணும் மயிரும் கறியில் ஒட்டாது. முன்னங்கால் எலும்பு மூட்டால் உடலோடு இணைந்ததில்லை, தசை மட்டுமே பிடித்திருக்கிறது. காலைத் தூக்கிப் பிடித்துக் கத்தியை உள்ளே ஓட்டினால் அப்படியே கையோடு வந்துவிடும். பின்தொடையில் பந்துக்கிண்ண மூட்டைத் தேடி அறுக்கவேண்டும். பிறகு முதுகுக்கறி, கழுத்து, நெஞ்சு, விலா. மறுபக்கம் புரட்டி அதையே செய்து, கடைசி விலாவுக்குப் பின்னால் கையை நுழைத்து உள்முதுகுக் கறியை உருவி எடுக்கிறார்கள். ஆணுக்கு மட்டும் அனுமதி உள்ள இடத்தில், சான்றாகப் பிறப்புறுப்பின் ஒரு பகுதியைப் பின்தொடையோடு ஒட்டியபடியே விட்டுவைக்க வேண்டும். ஒவ்வொரு துண்டும் காற்றுப் புகும் துணிப்பைக்குள் போகிறது. பிளாஸ்டிக் பையில் போட்டால் சூடு வெளியேறாமல் கறி புளித்துவிடும்.

இந்த வேட்டையின் மையம் கறிதான், சட்டமும் அதையே சொல்கிறது. கழுத்து, நெஞ்சு, விலா, முன்கால் முட்டி வரை, பின்கால் குதிமூட்டு வரை, முதுகெலும்பை ஒட்டிய கறி என்று உண்ணத்தக்க அத்தனையும் எடுத்தாகவேண்டும். காட்டில் விட்டுவந்தால் குறைந்தது ஏழு நாள் சிறையும் 2,500 டாலர் அபராதமும். கறி முழுவதும் வெளியே போகும்வரை கொம்பைத் தூக்கிக்கொண்டு போகவும் கூடாது. கடைசிச் சுமையோடுதான் கொம்பு. சில பகுதிகளில் எலும்பை நீக்காமலே கொண்டுவரச் சொல்லும் விதியும் இருக்கிறது. அலாஸ்காவின் வேட்டை விதிகளில் மிகச் சிறந்தது இதுவே என்று சொல்லத் தயங்கவேண்டாம். வழிகாட்டி வைத்தவருக்கு இந்த உழைப்பு பெரும்பாலும் கண்ணில் படாது, கூலியாட்கள் செய்துவிடுவார்கள். தனியாகப் போனவருக்கு முழுவதும் தோளில் ஏறுகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தாலே புரியும். நன்கு வளர்ந்த ஆண் கரிபூ 160 முதல் 180 கிலோ வரை எடையிருக்கும். எலும்பு நீக்கினாலும் கறி 50 கிலோவுக்குக் குறையாது. ஒருவர் அதை இரண்டு சுமையாக்கினால், எட்டு கிலோமீட்டர் சுமந்து, எட்டு கிலோமீட்டர் வெறுங்கையோடு திரும்பி, மறுபடி எட்டு கிலோமீட்டர் சுமக்கவேண்டும். புல்முடிச்சுகளில் மொத்தம் 24 கிலோமீட்டர், கூடாரமும் துப்பாக்கியும் தனி. எலும்போடு என்றால் இன்னும் ஒரு நடை. ஆகவே அனுபவமுள்ளவர்கள் சுடுவதற்குமுன் கேட்டுக்கொள்ளும் கேள்வி, குறி தப்புமா என்பதல்ல. இந்த இடத்திலிருந்து இதைக் கெடாமல் வெளியே கொண்டுபோக முடியுமா என்பதுதான். முடியாது என்றால் சுடாமல் விடுவதே வேட்டை தெரிந்தவருக்கு அழகு.

முதல் சுமை போகும்போது மீதிக் கறி தனியாகக் கிடக்கும். தொங்கவிட மரமில்லை. கரடிக்கு மோப்பம் வலிது. உரித்த இடத்திலிருந்தும் கூடாரத்திலிருந்தும் தள்ளி, தூரத்திலிருந்தே கண்ணால் பார்க்கக்கூடிய திறந்த மேட்டில், வில்லோ கிளைகளைப் பரப்பி அதன்மேல் பைகளை வைக்கிறார்கள். கீழேயும் காற்றோடும், கறி குளிர்ந்து மேற்பரப்பு உலர்ந்து தோல்போல் இறுகும். திரும்பி வரும்போது காற்றுக்கு எதிர்ப்புறமாக நுழையாமல், சத்தம் போட்டுக்கொண்டு, தொலைநோக்கியில் பார்த்துவிட்டே நெருங்கவேண்டும். மிளகாய்ச் சாறு பீய்ச்சும் கரடி விரட்டிக் குப்பி இடுப்பில் இருக்கவேண்டும், பையின் அடியில் அல்ல. உயிரைக் காக்கக் கரடியைச் சுட நேர்ந்தால் அதன் தோலும் மண்டையோடும் அரசுக்குச் சொந்தம். உரித்து எடுத்துவந்து ஒப்படைக்கும் வேலையும் சுட்டவருடையதே.

சாலையோரம் நிற்கும் கரிபூக்கள் பெரும்பாலும் மத்திய ஆர்க்டிக் மந்தையைச் சேர்ந்தவை. கடலோரச் சமவெளியில் கன்று ஈன்று, கோடையில் கொசுவுக்குப் பயந்து கடற்காற்றைத் தேடி ஓடி, இலையுதிர் காலத்தில் புரூக்ஸ் மலைகளைக் கடந்து தெற்கே வருகின்றன. 2010இல் சுமார் 70,000 இருந்த மந்தை 2016இல் 23,000 அளவுக்குக் குறைந்தது. பெண் விலங்குகள் அதிகம் செத்தன. ஒரு பகுதி பக்கத்து மந்தைகளோடு கலந்துவிட்டது. வேட்டை அளவை உடனே குறைத்தார்கள். மேற்கே உள்ள மந்தை இன்னும் மோசம்: 2003இல் 4,90,000 இருந்தது 2023இல் ஒன்றரை லட்சம். இந்த விலங்கை நம்பி வாழும் ஊர்கள் அங்கே பல உண்டு. கிராமவாசிகளின் பிழைப்பு வேட்டைக்கே முன்னுரிமை என்று 1980ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் சொல்வதால், மந்தை சுருங்கும்போது மத்திய அரசு நிலங்களில் முதலில் கதவு மூடப்படுவது வெளியாருக்குத்தான். அது சரியான வரிசையும்கூட. எந்த நிலம் மாநிலத்துடையது, எது மத்திய அரசுடையது, எது பூர்வகுடி நிறுவனங்களின் சொத்து, எது வேட்டை மூடப்பட்ட தேசியப் பூங்கா என்று அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தையும் வரைபடத்தையும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்து படித்து முடிக்கவேண்டும். வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி இந்த அறிவுக்குத்தான்.

வண்டிக்குக் கறி வந்து சேர்ந்ததும் அவசரம் முடிவதில்லை. சரளைப் புழுதி உள்ளே நுழையாதபடி மூடி, நிழலில் வைத்து, ஃபேர்பேங்ஸ் வரை ஒரு முழுநாள் ஓட்டவேண்டும். அங்கே கறிக்கடைக்காரர்கள் வெட்டிப் பொட்டலம் கட்டி உறையவைத்துத் தருவார்கள். 50 பவுண்டுக்கு மிகாத மெழுகு அட்டைப் பெட்டிகளில் அடைத்து விமானச் சாமானாகவே ஊருக்கு எடுத்துப்போகலாம். ஒரு கரிபூ சுமார் மூன்று பெட்டி. கடைசியாக ஒரு கடமை: விலங்கு கிடைத்தவர் பதினைந்து நாளுக்குள் வேட்டை அறிக்கையை மாநிலத் துறைக்கு அனுப்பவேண்டும். சீட்டு வாங்கிவிட்டுப் போகாமலே இருந்தவரும், போய் வெறுங்கையோடு திரும்பியவரும் பருவம் முடிந்ததும் அனுப்பியாகவேண்டும். அடுத்த ஆண்டு எத்தனை விலங்குக்கு அனுமதி கொடுக்கலாம் என்ற கணக்கில் மந்தையின் எண்ணிக்கையோடு இந்த அறிக்கைகளும் சேர்கின்றன.